கண்காட்சியில் நிற்கும் கான்கார்டு உள்ளே எப்படி இருக்கிறது?

நீங்கள் கேட்டது இது. டிசம்பரில் குடும்பத்தோடு நியூயார்க் போகிறீர்கள். ஹட்சன் ஆற்றங்கரையில் இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் நிற்கும் கான்கார்டை, ஒலியைவிட வேகமாகப் பறந்த அந்தப் பயணிகள் விமானத்தை, பார்ப்பதாகத் திட்டம். வீடியோவில் புதிது போலப் பளபளக்கிறது. நிஜமாகவே நல்ல நிலையில் இருக்கிறதா, இல்லை மேலே பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்களா? எரிபொருள் ஊற்றினால் பறக்குமா என்று மகன் கேட்கிறான், அவனுக்கு என்ன சொல்வது? இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பறக்குமா என்பது ஒன்று, கெடாமல் இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: மிஞ்சியிருக்கும் 18 கான்கார்டுகளில் ஒன்றுகூடப் பறக்காது. இரண்டாவது கேள்விக்கு விமானத்துக்கு விமானம் பதில் வேறு. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. விமானப் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். சென்னையில் தொடங்கி, பெரும்பகுதி வளைகுடாவில். என் வேலை ஸ்ட்ரக்சர், அதாவது விமானத்தின் உடல்: ஷீட் மெட்டல், ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி), கரோஷன் (அரிப்பு) ரிப்பேர். கான்கார்டில் நான் ஒரு ஸ்க்ரூகூடத் திருகியதில்லை. நான்கு கான்கார்டுகளைப் பார்வையாளனாக டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் அலுமினியம் என்ன செய்யும், தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். குறிப்பிட்ட ஒரு விமானத்தின் உள்ளே இன்று என்ன நிலை என்பதில் நான் சொல்வது வெளியிலிருந்து பார்த்து வந்த ஊகம். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கான்கார்டு மொத்தம் 20 செய்தார்கள். அதில் 14 மட்டுமே பயணிகள் சேவைக்கு வந்தன, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஏழு, ஏர் பிரான்ஸுக்கு ஏழு. ஒன்று 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கொனெஸ் என்ற ஊரில் விழுந்து எரிந்தது. இன்னொன்று விபத்தில் போகவில்லை, நின்ற இடத்திலேயே போனது. ஏர் பிரான்ஸின் அந்த விமானத்தை 1982இல் சேவையிலிருந்து எடுத்தார்கள். மற்ற விமானங்களுக்குப் பாகம் கழற்றிக்கொள்ள அதைப் பயன்படுத்தினார்கள். பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, அரிப்பு பிடித்து, 1994இல் உடைத்துப் போட்டார்கள். பன்னிரண்டே வருடம். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த விமானம் சும்மா நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த விமானத்தின் கதையைத்தான்.

காரணம் அதன் உலோகத்தில் இருக்கிறது. கான்கார்டின் உடல் பெரும்பாலும் ஆர்ஆர்58 என்ற அலுமினியக் கலவை. பிரான்ஸில் அதையே ஏயு2ஜிஎன் என்பார்கள். தாமிரம், மக்னீசியம், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் நிக்கல் கலந்தது. சூட்டில் நீண்ட நேரம் இருந்தாலும் தளர்ந்து நீளாது என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தார்கள். மாக் 2, அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் மூக்கு நுனியில் 127 டிகிரி செல்சியஸ் வரை போகும், மற்ற இடங்கள் ஏறக்குறைய 90, 100 என்று இருக்கும். அந்தச் சூட்டில் விமானமே ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவாக நீளும். காக்பிட்டில் ஃப்ளைட் இன்ஜினியரின் பேனலுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி திறக்கும், இறங்கிக் குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். கடைசிப் பயணங்களில் சில இன்ஜினியர்கள் தங்கள் தொப்பியை அந்த இடைவெளியில் செருகிவிட்டார்கள். இனி சூடாகப் போவதில்லை என்பதால் அது அங்கேயே மாட்டிக்கொண்டது. சியாட்டில் அருங்காட்சியகத்தில் உள்ள விமானத்தில் அப்படி ஒன்று உண்டு.

தாமிரம் கலந்த அலுமினியத்துக்குப் பலம் உண்டு, ஆனால் ஈரம் ஆகாது. பறந்துகொண்டிருந்த காலத்தில் கான்கார்டுக்கு இது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் மணிக்கணக்கில் 90 டிகிரிக்கு மேல் வேகவைத்தால் இடுக்கில் ஒளிந்த ஈரம்கூட ஆவியாகிவிடும். சாதாரண விமானத்தில் அப்படி நடக்காது. உயரத்தில் உடல் உறைந்துபோய், கீழே இறங்கியதும் உள்பக்கமெல்லாம் வியர்த்து, பயணிகள் அறையின் தரைப் பலகைக்கு அடியில் சொட்டும். கான்கார்டோ பறக்கும்போதெல்லாம் தன்னைத் தானே உலர்த்திக்கொண்ட விமானம். பறப்பதை நிறுத்திய நாளோடு அதுவும் நின்றது. 2003 அக்டோபர் 24 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் கடைசிப் பயணிகள் சேவை முடிந்தது. ஏர் பிரான்ஸ் அதே ஆண்டு மே 31 அன்றே நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் உள்ளே போன ஈரம் தானாக வெளியே வர வழியில்லை.

அரிப்பு என்றதும் சிவப்புத் துருவை நினைப்போம். அலுமினியத்தில் அப்படி இருக்காது. ஒருமுறை கடலோர விமான நிலையம் ஒன்றில் எட்டு மாதம் நின்றிருந்த விமானத்தைத் திறந்தோம். வெளியே கழுவித் துடைத்து அழகாக இருந்தது. பின்பக்கச் சமையல் அறைக்குக் கீழே தரைப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். சீட்டுகளைப் பொருத்தும் சீட் டிராக்கின் ஓரம் பப்ஸ் போல அடுக்கடுக்காக உப்பியிருந்தது. நகத்தால் தட்டினேன், ஒரு அடுக்கு உரிந்து கையோடு வந்தது. அடியில் வெள்ளைப் பொடி, கோலமாவு சிந்தினாற்போல. பொடியைத் துடைத்துச் சுரண்டிக்கொண்டே போனால் நல்ல உலோகம் வந்தபோது பாதிக் கனம் போயிருந்தது. இதை எக்ஸ்ஃபோலியேஷன் என்போம். எனக்கு அன்று முதல் வெளிப் பளபளப்பைப் பார்த்து ஒரு விமானத்தை நம்பும் பழக்கம் போய்விட்டது. உங்கள் வீடியோவைப் பற்றியும் அதைத்தான் சொல்வேன். அது பெயின்டின் நிலையைக் காட்டுகிறது, அதற்கு மேல் அதிலிருந்து எதுவும் தெரியாது.

பெயின்டைக் குறைத்துச் சொல்லவில்லை. வெளியே நிற்கும் விமானத்துக்கு முதல் கவசமே அதுதான். வெயிலில் அது சுண்ணாம்பு போல உதிர ஆரம்பிக்கும், ரிவெட் தலையைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல் விடும், அந்த வழியாக ஈரம் நுழையும். பிறகு தண்ணீர் வடியும் பாதை. விமானத்தின் அடி வயிற்றில் சிறு சிறு வடிகால் துளைகள் உண்டு. சக்கரத்தில் நிற்கும் நிலையில் எங்கே தண்ணீர் சேருமோ அங்கே துளை இருக்கும். விமானத்தைத் தூணில் ஏற்றி மூக்கைத் தூக்கிப் பறப்பதுபோல வைத்தால் பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் சேரும் இடம் மாறிவிடும். புதிய இடத்தில் துளை இருக்காது. ஜெர்மனியில் சின்ஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் கான்கார்டையும் அதைப் போலவே ஒலியைவிட வேகமாகப் பறந்த ரஷ்யாவின் டியு-144 பயணிகள் விமானத்தையும் கூரைக்கு மேல் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க உலகில் வேறு இடமில்லை, உள்ளேயும் ஏறிப் பார்க்கலாம். அங்கே தண்ணீரை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது என் தொழில்காரனுக்கே உரிய கேள்வி. சார்ல் து கோலில் தூணில் நிற்கும் கான்கார்டைப் பார்த்தாலும் எனக்கு அதே எண்ணம்தான் வரும்.

கண்ணுக்கே தெரியாத இன்னொரு இடம் தேன்கூடு அமைப்பு. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எலிவான்கள், வாலில் திசை திருப்ப உதவும் ரட்டர், இவற்றின் உள்ளே தேனடை போல அறுகோண அறைகள், இரண்டு பக்கமும் மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். ஒட்டு விட்டுப்போய் ஈரம் நுழைந்தால் வெளியே எதுவும் தெரியாது. பறந்த காலத்திலேயே இது கான்கார்டைப் படுத்தியிருக்கிறது. 1989 ஏப்ரலில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து சிட்னி போகும் வழியில் ஒரு விமானத்தின் ரட்டரில் ஒரு துண்டு பிய்ந்து விழுந்தது. பத்திரமாக இறங்கினார்கள். பின்னர் வேறு விமானங்களிலும் நடந்து, ரட்டர்களையே புதிதாகச் செய்து மாற்றினார்கள். அன்று துண்டு விழுந்த அந்த விமானம் ஆல்ஃபா ஃபாக்ஸ்ட்ராட். இப்போது பிரிஸ்டலில் நிற்கிறது. (பதிவெண்ணின் கடைசி இரண்டு எழுத்தை வைத்துத்தான் இவற்றைக் கூப்பிடுவார்கள். ஏ என்றால் ஆல்ஃபா, எஃப் என்றால் ஃபாக்ஸ்ட்ராட்.) நாங்கள் தேன்கூட்டைச் சோதிக்க ஒரு நாணயத்தால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்போம். ஒட்டு சரியாக இருந்தால் கணீரென்று இருக்கும், விட்டுப்போயிருந்தால் மொத்தென்று கேட்கும். அருங்காட்சியகத்தில் மட்டும் தயவுசெய்து தட்டிப் பார்க்காதீர்கள்.

ரப்பர் கதை இன்னும் சுருக்கம். கான்கார்டுக்குத் தனி எரிபொருள் பெட்டி என்று பெரிதாக இல்லை. இறக்கையின் உள்ளறைகளே தொட்டி, மூட்டுகளில் கசியாமல் அடைக்கும் சீலன்ட் பூசியிருக்கும். 95 டன் அளவுக்கு எரிபொருள் பிடிக்கும். அந்த சீலன்ட் எரிபொருளில் நனைந்தபடி இருந்தால்தான் மென்மையாக இருக்கும். இருபது வருடம் காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். திரவ அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் ஹைட்ராலிக்கில் ஒரு சதுர அங்குலத்துக்கு 4000 பவுண்டு அழுத்தம், சாதாரணப் பயணிகள் விமானங்களில் 3000. அந்த அழுத்தத்தைத் தாங்கிய ஒவ்வொரு ரப்பர் வளையமும் இப்போது காய்ந்த பிஸ்கட். இதைப் பார்க்காமலேயே உறுதியாகச் சொல்கிறேன், ரப்பருக்குக் காலாவதித் தேதி உண்டு, அதை அலங்காரத்துக்குப் போடுவதில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. பாரிஸ் லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் உள்ள சியரா டெல்டாவின் ஹைட்ராலிக் அமைப்பில் ஒரு பகுதியை ஆர்வலர்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். தரையிறங்கும்போது விமானிக்கு ஓடுபாதை தெரியக் கீழே சாயும் புகழ்பெற்ற அந்த மூக்கை இறக்கி ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். 1996இல் பெப்சி விளம்பரத்துக்கு நீலப் பெயின்ட் அடித்த விமானமும் அதுதான். வெள்ளையடித்தால்தான் சூடு திரும்பிப்போகும், நீலத்தில் பறந்தபோது மாக் 2இல் இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். ஒரு விமானத்துக்கு நிறம்கூட அலங்காரம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, எது நன்றாக இருக்கிறது? நான் கேட்கும் முதல் கேள்வி, தலைக்கு மேலே கூரை இருக்கிறதா, எந்த வருடத்திலிருந்து? லெ பூர்ஜேயில் முதல் மாதிரி விமானம் 001 இருக்கிறது. 1973இல் ஆப்பிரிக்கா மேல் சூரிய கிரகண நிழலைத் துரத்தி 74 நிமிடம் முழு இருளிலேயே பறந்தது, அதே ஆண்டு அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் சியரா டெல்டா. வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியனின் உட்வார்-ஹேஸி மையத்தில் உள்ள ஏர் பிரான்ஸ் விமானம் 2003 ஜூனில் வந்தது. அது பெரிய மூடிய கூடத்தில், கட்டுப்படுத்திய காற்றில் நிற்கிறது. உலகிலேயே மிக நல்ல நிலையில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. மான்செஸ்டரில் உள்ளதற்கு 2009இல் ஹேங்கர் கட்டினார்கள். சியாட்டிலில் 2016இல் கூரை வந்தது, ஆனால் பக்கவாட்டில் திறந்த மண்டபம். பிரிஸ்டல் ஆல்ஃபா ஃபாக்ஸ்ட்ராட் 2003 நவம்பர் 26 அன்று கான்கார்டுகளிலேயே கடைசியாகப் பறந்தது, பிறகு 2017 வரை பிரிட்டனின் மழையில் வெளியே நின்றது. இப்போது அருமையான கட்டடத்தில் இருக்கிறது. ஆனால் பதினான்கு வருட மழை இடுக்குகளில் செய்ததைக் கூரை திருப்பித் தராது, மேற்கொண்டு கெடாமல் நிறுத்தும், அவ்வளவே. ஹீத்ரோவில் ஆல்ஃபா பிராவோ இன்றும் வெட்டவெளியில்தான். அது கடைசியாகப் பறந்தது 2000 ஆகஸ்டில், அந்த விபத்துக்குச் சில வாரம் கழித்து. அதற்கு ஒரு கூரை கிடைக்காதது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

கூரையைவிட ஒரு படி மேலே, சில விமானங்களை இடம் மாற்றவே வெட்ட வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ஃபார்ச்சூனுக்கு ஆல்ஃபா ஆல்ஃபாவை 2004இல் இறக்கையை அறுத்துப் படகிலும் சாலையிலும் கொண்டுபோனார்கள். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் உள்ளதும் துண்டுகளாகச் சாலை வழியே வந்து மறுபடி பொருத்தப்பட்டது. அதற்காக முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் சுளிக்க மாட்டேன். அறுத்து உள்ளே கொண்டுபோன விமானம் முழுசாக வெளியே நின்று மக்கும் விமானத்தைவிட நீண்ட நாள் இருக்கும்.

டியு-144 பற்றியும் ஒரு வரி. 16 மட்டுமே செய்தார்கள், உலோகமும் ஏறக்குறைய அதே இனம், ஏகே4-1 என்ற கலவை. மாஸ்கோ அருகே மோனினோ, உல்யானோவ்ஸ்க், ஜுகோவ்ஸ்கி என்று எஞ்சியவை பெரும்பாலும் வெளியில், பனியில் நிற்கின்றன. பனி உருகி இடுக்கில் இறங்கி இரவில் மறுபடி உறைந்து விரியும், இது மழையைவிட மோசம். நம் பக்கத்தில் டியு வரிசையைச் செய்த டுபொலேவ் நிறுவனத்தின் விமானம் ஒன்று வேண்டுமென்றால், ஒலி வேகத்தைத் தாண்டாதது என்றாலும், விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் டியு-142 இருக்கிறது. நம் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் பணிபுரிந்து 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. அலைக்கு அவ்வளவு பக்கத்தில், உப்புக் காற்றில் நிற்கும் விமானத்தை வாரா வாரம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவினாலே பாதி அரிப்பு குறையும்.

பறக்குமா என்ற மகனின் கேள்விக்கு இப்போது வருகிறேன். பணம் இருந்தால் உலோகத்தைக்கூடச் சரிசெய்யலாம். ஆனால் ஒரு விமானம் பறக்க அதன் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் வேண்டும். பாகம், வரைபடம், திருத்தம் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுபவர்கள் அவர்கள்தான். கான்கார்டுக்கு அந்தப் பொறுப்பு ஏர்பஸ்ஸிடம் இருந்தது, 2003இல் அவர்கள் ஆதரவை நிறுத்தினார்கள். 2010இல் ஆர்வலர் குழுக்கள் சியரா டெல்டாவின் இன்ஜின்களை ஆராயத் தொடங்கியபோது நானும் ஆசைப்பட்டேன். அது பறப்பதில் போய் முடியவில்லை. கான்கார்டில் உள்ள அதே ஒலிம்பஸ் குடும்பத்து இன்ஜின் கொண்ட வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை பிரிட்டனில் மக்கள் பணம் போட்டு 2007இல் பறக்கவைத்தார்கள். 2015 வரை பறந்தது. பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் விலகியதும் அன்றோடு நின்றது, விமானம் நன்றாக இருந்தும். மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: எரிபொருள் ஊற்றினால் முதலில் ஒழுகும், அப்புறம் ஹைட்ராலிக் குழாய்கள் ஒழுகும், அதையெல்லாம் சரிசெய்தாலும் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட ஆள் இல்லை.

நீங்கள் பார்க்கப்போவது ஆல்ஃபா டெல்டா. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 வினாடி, 1996 பிப்ரவரி 7 அன்று இதே விமானம் செய்த சாதனை. கான்கார்டுகளிலேயே அதிக நேரம் பறந்தது, 23,000 மணிக்கு மேல். 1970களின் கடைசியில் லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் தடத்தில் ஓடியபோது இதன் இடதுபக்கம் முழுக்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறம், வலதுபக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ். சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் இருந்த நம்மவர்கள் சிலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். ஓய்வுக்குப் பின் கொஞ்சம் அடிபட்டது. 2008இல் தற்காலிகமாக வேறிடத்தில் வைத்திருந்தபோது ஒரு லாரி மோதி மூக்கு உடைந்தது, சரிசெய்தார்கள். உப்பு கலந்த ஆற்றுக் காற்றில் வெளியே நிற்பதால் 2023 ஆகஸ்டில் படகில் புரூக்ளின் கப்பல் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய பெயின்டை உரித்துப் புதிதாக அடித்து, 2024 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே பளபளப்பு புதிது, நேர்மையான வேலை. ஆற்றங்கரை மாறவில்லை, சில வருடத்தில் மறுபடி செய்ய வேண்டி வரும்.

போகும்போது கூட்டம் படம் எடுக்கும் மூக்குப் பக்கம் நிற்காமல் நேராக இறக்கைக்கு அடியில் போங்கள். சக்கரம் மடங்கும் அறையை அண்ணாந்து பாருங்கள், அங்கேதான் பெயின்ட் குறைவு, உண்மை அதிகம். ரிவெட் வரிசையில் எங்காவது பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருக்கிறதா, கீழ்நோக்கி வெள்ளைக் கோடு ஓடியிருக்கிறதா என்று பையனைத் தேடச் சொல்லுங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. எந்தத் துளையிலிருந்து சொட்டுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். சொட்டினால் வடிகால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.